குதிரைக் காலில் மிளகாய் ஏறிய விதம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை மேலே குறித்துக்கொண்டபடி சரியே. வயது ஐம்பத்து நான்கு. தொழில், காய்ந்த மிளகாய் மொத்த வியாபாரம். சந்தைத் தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மிளகாய்க்காரர் மண்டி எது என்று கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள், தும்மல் வருகிற இடத்தில் நில்லுங்கள் என்று கையைக் காட்டுவார்கள். இந்த வரி தேவையில்லை என்று அதிகாரி அய்யா சொன்னார். எழுதுகிற காவலர் அதற்குள் இரண்டு தடவை தும்மிவிட்டதால், சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எனக்கு ஒரே மகன். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இந்தப் புகாரில் முதல் ஆளாகக் காட்டப்பட்டிருப்பது அவள்தான். போட்டியில் கம்பு பட்டால் எரியும் என்று பயந்து குதிரை உயரமாகத் தாண்ட வேண்டும் என்பதற்காக அதன் காலில் வேண்டுமென்றே மிளகாய் தேய்த்தாள் என்பது புகார். அது உண்மை என்று ஆகிவிட்டால் மிருகவதை என்று முடிவு கட்டி, இப்போது கால்நடை ஆஸ்பத்திரிக் கொட்டிலில் நிற்கும் குதிரையை அவளிடம் திருப்பித் தர மாட்டார்கள் என்று அறிந்தேன். அதனால் யாரும் கூப்பிடாமல் நானாகவே இங்கே வந்தேன்.

குதிரை பெட்டை. கூப்பிடும் பெயர் வாலு. அது மருமகளோடு கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருப்பது. பெண் வீட்டிலிருந்து வந்தது என்பதால் என் மனைவி அதைச் சம்பந்தி என்பாள். தினமும் மருமகள் குதிரை நிற்கும் பண்ணையிலிருந்து வந்ததும், சம்பந்தி சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். நான் ஆரம்பத்தில் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை. தின்றுவிட்டு நிற்கிற எதையும் எனக்குப் பிடிக்காது.

போன வருடம் ஒரு நாள் மருமகளின் கார் பழுதாகி, அவளைப் பண்ணையில் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. அன்று அவளுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை. குதிரையை மேட்டில் ஓட்டிவிட்டு வந்து இறங்கி, ஸ்டெதாஸ்கோப்பை என் கையில் கொடுத்து, இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்து எண்ணச் சொன்னாள். வைத்தேன். லாரியிலிருந்து பலகையில் மூட்டைகளைத் தொடர்ந்து இறக்குகிற மாதிரி தடும் தடும் என்று கேட்டது. கொஞ்ச நேரம் நடத்திவிட்டு வந்து மறுபடி வைத்தேன். மூட்டை இறக்குகிறவன் களைத்துப்போய் ஒவ்வொன்றாக இறக்குகிற மாதிரி மெதுவாகிவிட்டிருந்தது. எவ்வளவு சீக்கிரம் மெதுவாகிறதோ அவ்வளவு நல்ல உடம்பு என்று மருமகள் சொன்னாள். அதன் பிறகு நான் வீட்டுக்குத் திரும்பியது வழக்கமான நேரத்தில் இல்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

இந்தப் போட்டி என்னவென்று அதிகாரி அய்யா கேட்டார். ஈவென்டிங் என்று சொல்வார்கள். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று பரீட்சை. முதலாவது, சின்ன மைதானத்தில் சொன்ன சொல் கேட்டு அழகாக நடந்து, திரும்பி, நின்று காட்டுவது. இரண்டாவது கிராஸ் கன்ட்ரி, அதாவது மேடு, பள்ளம், தண்ணீர் என்று வெட்டவெளியில் மரக்கட்டைகளைத் தாண்டி ஓடுவது. மூன்றாவது, பட்டால் விழுந்துவிடும் கம்புகளைத் தட்டாமல் தாண்டுவது. எங்களுடையது வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் ஓட்டுகிற பிரிவு. எங்கள் பிரிவில் ஒரு பல் டாக்டர், ஒரு பேருந்து ஓட்டுநர், இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள்.

வாலுவைப் பக்குவப்படுத்தும் வேலையை நான் கையில் எடுத்தேன். குதிரை ஏறுவது மருமகள், பக்குவம் நான் என்று பிரித்துக்கொண்டோம். இதில் எனக்கு என்ன தெரியும் என்று பண்ணைக்காரர் கேட்டார். பண்ணைக்காரர் என்பவர் குதிரைக் கொட்டில்களை வாடகைக்கு விடுபவர், எதற்கெடுத்தாலும் விசில் அடிப்பவர். நான் சரக்கு காய வைக்கிறவன் என்று பதில் சொன்னேன். அவசரப்பட்டுக் காய வைத்தால் மிளகாய் மேலே சிவந்து மின்னும், காம்புப் பக்கம் ஈரம் நிற்கும், மூட்டைக்குள் போனதும் பூசணம் பிடிக்கும். குதிரையும் அப்படித்தான். தசை சீக்கிரம் ஏறிவிடும், பார்க்க ஜோராக இருக்கும். தசைநாரும் எலும்பும் பின்னாலேதான் வரும். தசையைப் பார்த்து ஏமாந்து ஓட்டினால் கால் போய்விடும். இதைக் கேட்டதும் அவர் விசிலை நிறுத்திவிட்டு, அப்போ நீங்களே பாருங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டார்.

அதனால் முதலில் வாரக்கணக்கில் வெறும் நடை. கெட்டித் தரையில், மேடு இறக்கத்தில், நீண்ட நடை. மருமகளே சலித்துப்போய், மாமா இது குதிரையா கட்டை வண்டியா என்று கேட்டாள். அதன் பிறகு மேட்டில் துள்ளுநடை. அதன் பிறகு ஓட்டம், நடை, ஓட்டம், நடை என்று இடைவெளி விட்டு விட்டுப் பயிற்சி. இதயம் முழுவதும் இறங்கும் முன்னே அடுத்த ஓட்டம் தொடங்க வேண்டும், ஆனால் மூச்சு வாங்கும்போது தொடங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாச் சூட்சுமமும். சேணத்துக்கு அடியில் வருகிற வியர்வை முதலில் சோப்பு நுரை மாதிரி வந்தது, பிறகு தண்ணீர் மாதிரி வந்தது. வயிற்றுப் பட்டையை ஒரு ஓட்டை இறுக்கிப் போட்ட அன்று, மண்டியில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் புரியாது. சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி அய்யா கேட்டுக்கொண்டார். இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மண்டியிலிருந்து வந்தவன் குளித்து, உடை மாற்றாமல் குதிரையிடம் போகக் கூடாது. இது மருமகள் போட்ட சட்டம். நான் ஒரு நாளும் மீறவில்லை. எனக்கு மிளகாய் நெடி தெரியாது. முப்பது வருடமாக அதிலேயே இருந்து மூக்கும் கையும் மரத்துவிட்டன. மற்றவர்கள் இருமினால்தான் சரக்கு காரமா என்று எனக்குத் தெரியும்.

போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் விடாத மழை. குதிரையின் காலுக்குக் கட்டும் துணியும் அடியில் வைக்கும் பஞ்சு மெத்தையும் இரண்டு செட் உண்டு, செட்டுக்கு நான்கு. எல்லாம் துவைத்து வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டும் காயவில்லை. ஈரத் துணியைக் கட்டினால் தோல் வெந்துவிடும். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். என் மண்டியில் மழைக்காலத்துக்காக உலர்த்தும் கொட்டகை இருக்கிறது, சுடுகாற்று ஊதும் பெரிய விசிறிகள் இருக்கின்றன. துணியையெல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கீழே மிளகாய் பரப்பியிருந்தது. பக்கத்து அறையில் பொடி அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் உடம்பைக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும் என்று தெரிந்த எனக்கு, துணிக்கு அதே சட்டம் என்று தோன்றவில்லை. மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் மருமகள் பார்த்துவிட்டு, இந்த மழையில் எப்படி மாமா என்று ஆச்சரியப்பட்டாள். அது வியாபார ரகசியம்மா என்று சொன்னேன். ஆகையால் துணி எங்கே காய்ந்தது என்பது அவளுக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு போட்டி. முதல் நாள் காலையில் மைதானப் பரீட்சையில் நடுவாந்திரமாக வந்தோம். மதியம் கிராஸ் கன்ட்ரி. அதற்கு ஒரு குறித்த நேரம் உண்டு. தாமதமாக வந்தாலும் மதிப்பெண் போகும், ரொம்ப முந்தி வந்தாலும் போகும். மழையில் தரை ஊறியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஓடிய குதிரைகள் கடைசி மேட்டில் மூச்சுத் திணறி நடக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். வாலு இதற்கு முன் தண்ணீரைக் கண்டால் முட்டுக்கட்டை போட்டு நின்றுவிடும், போன போட்டியில் மருமகளை மட்டும் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு அது கரையில் நின்றது. அதனால் நான் தண்ணீர்த் தடையின் பக்கம் போய் நின்றேன். வெளியிலிருந்து ஒரு வார்த்தை யோசனை சொன்னாலும் தகுதி நீக்கம் என்பதால் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் இறக்கத்தில் வருவது தெரிந்தது. குதிரையின் காது இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரைப் பார்த்ததும் ஒரு எட்டு குறைத்தது. மருமகள் கையை அசைக்கவில்லை, காலை மட்டும் இறுக்கினாள். குதிரை குதித்தது அய்யா. தண்ணீர் என் சட்டைவரை தெறித்தது. அந்தப் பக்கம் ஏறி, கட்டையைத் தாண்டி, மேட்டில் கிளம்பியபோது நான் வேலிக்கு இந்தப் பக்கமாகக் கூடவே ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. கடைசி மேட்டில் மற்றக் குதிரைகள் நடந்த இடத்தில் வாலு எட்டை நீட்டிப் போட்டது. அந்த மேட்டுக்காகத்தான் ஒரு வருடம். குறித்த நேரத்துக்குள் வந்துவிட்டார்கள். நானும் ஓடி வந்திருந்ததால், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது குதிரையின் இதயம் எது, என்னுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டோம். முதலில் இருந்தது பல் டாக்டர்.

அதன் பிறகு குதிரையின் கால்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சி, ஐஸ் வைத்தோம். மருமகளை மறுநாளைய கம்பு தாண்டும் பாதையை நடந்து பார்க்கக் கூப்பிட்டதால் அவள் போய்விட்டாள். நான் காலைத் துடைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே கொட்டகையில் காய்ந்த பஞ்சு மெத்தையை வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினேன். நான்கு காலிலும் நானே கட்டினேன். அன்றுதான் அந்தத் துணி முதல் முதலாகக் குதிரைமேல் பட்டது. பண்ணைக்காரர் அங்கே வந்து தும்மினார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளி நின்றார். என் பக்கத்தில் நின்று தும்மாதவர்கள் கிடையாது என்பதால் இருவருமே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. விடியும்வரை குதிரை காலைத் தட்டிக்கொண்டே இருந்தது என்று காவலுக்கு இருந்தவர் காலையில் சொன்னார். கொசுவாக இருக்கும் என்று சொன்னேன்.

காலையில் கட்டுகளை அவிழ்த்து வாளியில் போட்டேன். போட்டிக்கு முன் எல்லாக் குதிரைகளையும் கால்நடை டாக்டர் முன்னால் துள்ளுநடையில் ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டினால் விலக்கிவிடுவார்கள். வாலு நொண்டவில்லை. காலை உயர உயர எடுத்து வைத்தது, சூடான மணலில் போகிற மாதிரி. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மருமகளின் முகம் மட்டும் சரியில்லை. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

"மாமா, இவ காலெடுக்கிறது புதுசா இருக்கு. வலிக்குதோ என்னவோ. விலகிக்கலாமா?"

"வலிக்கிற குதிரை இப்படியா எடுக்கும்? ஒரு வருஷம் ஏத்தின உடம்பும்மா இது. நீ போ."

இதைச் சொல்ல வேண்டாம் என்று என் மகன் நேற்று சொன்னான். குதிரைக்காரன் யாராவது செய்திருப்பான் என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னான். கொட்டிலில் வேலை செய்கிறவர்கள் நான் வரும்போது எழுந்து வழி விடுகிறவர்கள், அவர்கள் தலையில் கட்டச் சொல்கிறாயா என்று கேட்டேன்.

கம்பு தாண்டும் பரீட்சையில் வாலுவுக்கு ஒரு குறை உண்டு. பின்னங்காலைச் சோம்பலாக இழுத்து ஏதாவது ஒரு கம்பைத் தட்டிவிடும். தட்டாமல் முடித்ததே கிடையாது. அன்றைக்கு முதல் கம்பில் ஒரு சாண் உயரமாகப் போனது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கூட்டம் ஓவென்றது. நானும் ஓவென்றேன். கம்புக்கும் குளம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இதை நான் எப்படிச் சொல்வது, என் வியாபாரத்தில் எனக்கு ஏற்பட்ட எந்தச் சந்தோஷமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. கடைசிக் கம்பைத் தாண்டியபோது பக்கத்தில் நின்ற பேருந்து ஓட்டுநரைக் கட்டிப்பிடித்தேன், அவர் எங்கள் எதிராளி என்பதே நினைவில்லை. அடுத்து வந்த பல் டாக்டரின் குதிரை ஒரு கம்பைத் தள்ளியது. நாங்கள் முதலிடம்.

அதன் பிறகு வழக்கமான பரிசோதனைக்காகக் கால்நடை டாக்டரம்மா வந்தார். குனிந்து குதிரையின் முன்னங்கால்களை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. அவர் நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தார், கண்ணிலும் கை பட்டது. அடுத்த நிமிடம் அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று சத்தம் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மருமகள்தான் முதலில் ஓடினாள். தன் பையிலிருந்து கண் கழுவும் மருந்துத் தண்ணீரை எடுத்து, டாக்டரம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவிவிட்டாள். கண் திறந்ததும் டாக்டரம்மா தன் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவளும் குனிந்து குதிரையின் காலை முகர்ந்தாள். முகர்ந்தவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அப்போதும் எனக்கு எதுவும் மணக்கவில்லை.

அதன் பிறகு காலில் பஞ்சால் ஒற்றி எடுத்து மாதிரி எடுத்தார்கள், குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போட்டிச் செயலாளர் புகார் எழுதிக் கொடுத்தார். ஓட்டியவர்தான் பொறுப்பு என்பது அவர்கள் விதி. டாக்டரம்மா மீதும் செயலாளர் மீதும் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

தெரியாமல் நடந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி அய்யா கேட்டார். இரண்டு செட்டில் ஒரு செட் கட்டாமல் மீதி இருந்தது. அதில் பாதியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். உலர்த்தும் கொட்டகையை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம், கயிறு இன்னும் கட்டியபடியே இருக்கிறது. மீதிப் பாதியை இன்று காலை என் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கட்டியிருக்கிறேன். முதலில் உலர்ந்த காலில் கட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவிழ்த்து, குதிரைக்குச் செய்தது போலக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் துடைத்து, இலேசான ஈரத்தில் கட்டினேன். வாசலில் செருப்பு மாட்டும்போதே எரிய ஆரம்பித்தது. பேருந்தில் வரும்போது காலைத் தரையில் தட்டிக்கொண்டே வந்தேன், எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொசுவா என்று கேட்டார். இப்போதும் எரிகிறது. என் கை மரத்ததுபோலக் கால் மரக்கவில்லை. அதிகாரி அய்யா அவிழ்க்கச் சொல்லி, வேட்டியைத் தூக்கிப் பார்த்து, தோல் சிவந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். அவரையும் கண்ணைத் தொட வேண்டாம் என்று எச்சரித்தேன்.

ஆகவே வாலு அன்று உயரமாகத் தாண்டியது எங்கள் பயிற்சியால் இல்லை. அந்த முதலிடம் எங்களுக்கு உரியது இல்லை, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், பல் டாக்டருக்கே போகட்டும். ஆனால் முதல் நாள் தண்ணீரில் குதித்ததும், கடைசி மேட்டில் ஏறியதும் வெறுங்காலில், துணி படுவதற்கு முன்னால். அதை இதோடு சேர்த்து அழிக்கக் கூடாது என்று கேட்டேன். வழக்குக்கு அது சம்பந்தமில்லை என்று அய்யா சொன்னார். துணி எப்போது பட்டது என்பது சம்பந்தம்தானே என்றேன். எழுதிக்கொண்டார்.

அபராதமோ வேறு எதுவோ, எனக்கு விதிக்கட்டும். குதிரையை மருமகளிடம் கொடுத்துவிட வேண்டும். கட்டுகிறவர்கள் இனி வேறு ஆட்கள், நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். ஸ்டெதாஸ்கோப்பை நேற்றே அவளிடம் கொடுத்துவிட்டேன். இன்று நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து, எண்ணிச் சொல்ல ஆள் வேணும் மாமா என்று மட்டும் சொன்னாள்.

இதுவரை எழுதியதைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில், மருமகள் குதிரைக்கு வலி இருப்பதாகச் சந்தேகித்தும் போட்டியில் ஓட்டினார் என்று எழுதியிருந்தது. அப்படி இல்லை என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்று காவலர் கேட்டார். ஒன்று இல்லை என்றேன். அந்த வரி அடிக்கப்பட்டு, மருமகள் விலகிக்கொள்ளலாமா என்று கேட்டார், நான் போகச் சொன்னேன், என் பேச்சை நம்பி ஓட்டினார் என்று மாற்றி எழுதப்பட்டது. மாற்றிய இடத்தில் தனியாக ஒப்பமிட்டிருக்கிறேன்.

மற்ற எல்லாம் நான் என் வாயால், யாரும் தூண்டாமலும் மிரட்டாமலும் சொன்னது. நடந்தது நடந்தபடி. அடித்த வரியைத் தவிர இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)
மிளகாய் மொத்த வியாபாரி

என் முன்னிலையில் பதியப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி